கைமாறும் வண்டி – 9: மொதல்ல டிக்கியத் தொறங்க

காலை ஏழு மணிக்கே வருவதாக விற்பவரிடம் சொல்லியிருந்தோம். திருப்பூரில் அவிநாசி சாலையை ஒட்டிய ஒரு சந்தில் வண்டி நின்றது. பழக்கதோஷத்தில் நான் பானெட்டில் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. நாங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைக்கவில்லை. பரவாயில்லை, யோக்கியமான ஆள்தான் என்று பானெட்டைத் திறக்கப் போனால், கூட வந்த மெக்கானிக் அண்ணன் கையைப் பிடித்தார்.

"முன்னாடி அப்புறம் பாத்துக்கலாமுங்க தம்பி. மொதல்ல டிக்கியத் தொறங்க."

பொள்ளாச்சி நண்பர் ஒருவருக்காகப் பார்க்கப் போன வண்டி அது. பழைய டீசல் எஸ்டேட். எஸ்டேட் என்றால், கூரை பின்கோடி வரைக்கும் நீண்டு, கண்ணாடியோடு சேர்த்து மேலே தூக்குகிற கதவில் முடியும் கார். நம்மூரில் இதற்கு மவுசு வந்ததே கிடையாது. 1992-ல் டாடா எஸ்டேட் வந்தது. பிறகு மாருதி பலேனோ ஆல்டுரா, ஓப்பல் கோர்ஸா ஸ்விங், 2004-ல் இண்டிகோ மெரினா, ஸ்கோடா ஆக்டேவியா காம்பி என்று வரிசையாக வந்தன, வரிசையாகவே போயின. "ஆம்புலன்ஸ் மாதிரி இருக்கு" என்று வீட்டில் யாராவது ஒருவர் சொன்னால் போதும், பேரம் அத்தோடு முடிந்தது. அதுவும் ஏழெட்டுப் பேர் ஏறுகிற குவாலிஸ் 2000-லும், இன்னோவா 2005-லும் வந்த பிறகு, ஐந்து பேரையும் மூட்டைகளையும் மட்டும் ஏற்றுகிற காரை யார் சீந்துவார்கள்? எனக்கென்னவோ சாலையில் போகும்போது திரும்பிப் பார்க்க வைக்கிற உருவம் இதுதான். அது என் கோளாறு.

அண்ணன் பின்பக்கம் போனதற்குக் காரணம் உண்டு. எஸ்டேட் என்பது பாதிக்கு மேல் இன்னொரு வண்டி. மெரினாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1,405 சிசி டீசல் எஞ்சின் இண்டிகாவிலும் இண்டிகோவிலும் ஓடியதுதான். முன்பக்கமும் அந்தக் குடும்பத்துச் சொத்துதான். அவை டாக்ஸியாக ஊரெல்லாம் ஓடித் தேய்ந்ததால், பழைய சாமான் கடைகளில் முன்பாதிக்கான பொருளுக்குப் பெரிய பஞ்சம் இல்லை. பின்கதவு, அதன் கண்ணாடி, டெயில் லேம்ப், பின் ஓரக் கண்ணாடிகள் ஆகியவைதான் எஸ்டேட்டுக்கென்றே அச்சு வார்த்தவை. விற்ற வண்டிகளே கொஞ்சம் என்றால் உடைத்துப் போட்ட வண்டிகள் எத்தனை இருக்கும்? எஞ்சின் வேலைக்குப் பணம் இருந்தால் போதும். பின்கண்ணாடிக்குப் பணமும் வேண்டும், அதிர்ஷ்டமும் வேண்டும்.

எங்கள் வண்டியில் வலது டெயில் லேம்ப் விரிந்து, சிவப்பு டேப் ஒட்டியிருந்தது. "சின்ன அடிதான், ஐநூறு ரூவா வேலை" என்றார் விற்பவர். அண்ணன் பதில் சொல்லவில்லை. போனை எடுத்து லேம்ப்பையும் அதில் அச்சிட்டிருந்த எண்ணையும் போட்டோ பிடித்துக்கொண்டார்.

பின்கதவைத் தூக்கினால் அது தானாக மேலே போய் நிற்க வேண்டும். தாங்குகிற கேஸ் ராடு இரண்டும் செத்திருந்தால் கதவு தலையில் இறங்கும். டிக்கிக்குள் விளக்குமாற்றுக் கட்டை கிடந்தால் காரணம் புரிந்துகொள்ளுங்கள். குளிரில் வாயு அழுத்தம் குறையும் என்பதால், மத்தியான வெயிலில் ஒழுங்காக நிற்கிற கதவு அதிகாலையில் இறங்கலாம். அடுத்து, கதவுக் கீலுக்குப் பக்கத்தில் கூரையிலிருந்து கதவுக்குள் போகிற ரப்பர் குழாயை லேசாகப் பிதுக்கிப் பாருங்கள். அதற்குள்தான் நம்பர் பிளேட் விளக்கு, பின் வைப்பர், சென்டர் லாக் எல்லாவற்றுக்கும் ஒயர் போகிறது. ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் மடங்கி மடங்கி, வருஷக் கணக்கில் ஒயரின் தோல் வெடித்துவிடும். பின்பக்கச் சாமான்கள் ஒவ்வொன்றாக வேலைநிறுத்தம் செய்தால் பெரும்பாலும் அங்கேதான் கோளாறு. பின்கண்ணாடியைக் கழுவும் தண்ணீர்க் குழாயும் முன்னாலிருந்து பின்கோடி வரை வந்தாக வேண்டும். அது கூரை வழியாக வருகிற வண்டியில் எங்காவது கழன்றால், உட்கூரைத் துணியில் தேநீர் நிறத்தில் கறை தெரியும்.

கண்ணாடிகளின் மூலையில் தயாரிப்பாளர் முத்திரையும் ஆண்டுக் குறியீடும் இருக்கும். எல்லாம் ஒரே மாதிரி இருந்து பின்கண்ணாடி மட்டும் வேறு என்றால், பின்னாலிருந்து யாரோ இடித்த கதை ஒன்று இருக்கிறது.

பிறகு அண்ணன் கார்பெட்டைத் தூக்கினார். எனக்குப் பிடித்த இடம் இது. ஸ்டெப்னி படுக்கிற குழியில்தான் வண்டியின் நிஜ ஜாதகம் இருக்கும். மூலைகளில் மழைத் தண்ணீர் தேங்கிய கோடு, துருப் பொடி, ஈர வாடை. தண்ணீர் வந்தது கதவு ரப்பர் வழியாகவா, டெயில் லேம்ப் இடுக்கு வழியாகவா, கூரைக் கம்பியின் ஸ்குரூ ஓட்டை வழியாகவா என்று கறையின் தடத்தைப் பிடித்து மேலே ஏறினால் தெரிந்துவிடும். வெல்டிங் பொட்டுகள் ஒரே இடைவெளியில் வரிசையாக இருக்க வேண்டும். குழி கோணலாகவோ, புதுக் கறுப்புப் பெயின்ட்டில் பளபளவென்றோ இருந்தால் உஷார்.

இங்கே துரு அதிகம் இல்லை. ஆனால் மடக்கும் சீட்டின் கீலில் அண்ணன் விரலை விட்டு எதையோ உருட்டி எடுத்தார். வெள்ளைப் பஞ்சு. டார்ச் அடித்தால் சீட் தண்டவாளம் முழுக்கப் பஞ்சு.

"ஃபேமிலி யூஸ் மட்டுமுங்களா?"

"ஆமாங்ணா. எப்பவாச்சும் ரெண்டு பீஸ் துணி..."

திருப்பூரில் இரண்டு பீஸ் துணி என்றால் எத்தனை கிலோ என்று அண்ணனுக்குத் தெரியாதா? நேரே பின் சக்கரத்துக்குக் கீழே குனிந்தார். காயில் ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு நடுவே தடித்த ரப்பர் வளையம் ஒன்று செருகியிருந்தது. பாரத்தில் அமுங்கிப்போன ஸ்பிரிங்குக்கு முட்டுக் கொடுக்கிற மலிவான வைத்தியம் அது. பின் டயரின் உள்விளிம்பு மொட்டையாகத் தேய்ந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் டயர் நன்றாகத்தான் தெரியும், உள்பக்கம் கை விட்டுத் தடவ வேண்டும். தடவும்போதே பக்கவாட்டில் உள்ள நான்கு எண்களையும் பாருங்கள். 2316 என்றிருந்தால் 2016-ன் 23-ஆவது வாரத்தில் செய்த டயர்.

மூட்டை ஏற்றியது குற்றம் இல்லை, வண்டி அதற்காகப் பிறந்ததுதான். மறைத்தால்தான் மற்றதையும் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது.

எஞ்சின், கிளட்ச், புகை பற்றியெல்லாம் முந்தைய வாரங்களில் விரிவாக எழுதிவிட்டேன். ஒன்றை மட்டும் திரும்பச் சொல்கிறேன். டைமிங் பெல்ட் உள்ள டீசல் வண்டியில், மாற்றியதற்கு பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டத்தில் அறுந்தால் வால்வில் பிஸ்டன் மோதிவிடும், ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். ஆல்டுரா மாதிரி பெட்ரோல் வண்டி என்றால், இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது என்பதை நினைவில் வைத்து, பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது அண்ணன் முன்சீட்டில் உட்காரவில்லை. பின்சீட்டை மடக்கிவிட்டு டிக்கியில் சம்மணம் போட்டுக்கொண்டார். விற்பவர் சிரித்துவிட்டார். பதினைந்து நிமிஷம், மெதுவான ஓட்டம், ரேடியோ இல்லை, கண்ணாடிகள் மூடியபடி. ஷாக் அப்சார்பரின் தட்டல், வீல் பேரிங்கின் முனகல், கதவுக் கொக்கியின் கடகடப்பு எல்லாம் அங்கேதான் கேட்கும். வாசனையும் அங்கேதான் தெரியும். செங்குத்தாக முடிகிற வண்டியின் முதுகுக்குப் பின்னால், ஓடும்போது காற்றழுத்தம் குறையும். சைலன்சர் புகை அங்கேயே சுழன்று, கதவு ரப்பரில் விரிசல் இருந்தால் உள்ளே வந்துவிடும். பின்னால் குழந்தைகள் தூங்கிக்கொண்டு வரும் வண்டியில் இது விளையாட்டு இல்லை.

பேப்பர் விஷயம். சொந்தக் காருக்கு ஆர்.சி. 15 வருஷம், அதன்பின் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2006-ல் பதிவான வண்டிக்கு 2021-ல் ஒரு தடவை, 2026-ல் இன்னொரு தடவை. 15 வருஷம் தாண்டிய காருக்கு 2022 ஏப்ரலிலிருந்து புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். 20 வருஷம் தாண்டியதற்கு 2025-ல் 10,000 ஆக்கிவிட்டார்கள். எஃப்.சி.க்குத் தயார் செய்யும் செலவு தனி. ஆகவே ஆர்.சி. எந்தத் தேதி வரை என்பதைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். எங்கள் வண்டியின் ஆர்.சி.யில் பழைய கடன் அடமானம் இன்னும் நீக்கப்படாமல் நின்றது. கடன் எப்போதோ முடிந்துவிட்டதாம். ஃபார்ம் 35-ல் கடன் கொடுத்தவரின் கையெழுத்து வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் அதை நீக்காமல் பெயர் மாறாது. "நீக்கிட்டுக் கூப்புடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

அவிநாசி தாண்டி டீக்கடையில் நிறுத்தியிருந்தபோது அண்ணனின் போன் ஒலித்தது. சென்னை புதுப்பேட்டையில் அவருக்குத் தெரிந்த கடைக்காரர். டெயில் லேம்ப் ஒன்று இருக்கிறதாம், நல்ல கண்டிஷனாம்.

"எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டார் அண்ணன்.

இடதுபக்கம்.