அழறவங்களுக்காக ஒரு கோரஸ்!

அரியர் விழுந்தா ஒரு பாட்டு, காதல் புட்டுக்கிட்டா ஒரு பாட்டுன்னு எல்லா சோகத்துக்கும் உங்க செல்போன்ல சரக்கு ரெடி. ஆனா, வீட்ல ஒருத்தரைப் பறிகொடுத்துட்டு நிக்கிறப்போ..? அந்த நேரத்துக்குன்னே ஒரு இசை இருக்கு. 'ஜெர்மன் ரெக்வியம்'!

எழுதினவர் யோஹன்னஸ் பிராம்ஸ். 1865 பிப்ரவரியில் அவரோட அம்மா இறந்தப்போ அவருக்கு வயசு 31. வியன்னாவிலிருந்து அடிச்சுப் பிடிச்சு ஹாம்பர்க் வந்து சேர்றதுக்குள்ள அம்மா போயாச்சு. அந்த வருஷமே இந்த வேலையில் மூழ்கிட்டார்.

ரெக்வியம்னா, இறந்தவங்க ஆன்மா சாந்திக்காக கத்தோலிக்க சர்ச்ல லத்தீன்ல பாடுற திருப்பலி. பிராம்ஸ் ரூட்டையே மாத்தினார். லத்தீனை விட்டுட்டு, ஜனங்களுக்குப் புரியற ஜெர்மன் பைபிள்லேர்ந்து வரிகளை அவரே தேர்ந்தெடுத்தார். எடுத்த எடுப்பிலேயே ஆறுதல் சொல்றது யாருக்குத் தெரியுமா? செத்தவங்களுக்கு இல்லை, அழுதுட்டு இருக்கிறவங்களுக்கு! 'ஜெர்மன்'ங்கிறதை எடுத்துட்டு 'மனித'ன்னு போட்டாலும் சந்தோஷம்தான்னு ஒரு கடிதத்தில் எழுதியிருக்கார்.

ஹெட்போன் மாட்டிக் கேளுங்க. முதல் பகுதியில் வயலினே கிடையாது. கனத்த குரல்ல மத்த தந்தி வாத்தியங்கள் முணுமுணுக்க, கோரஸ் மெதுவா உள்ளே வரும். 1868 ஏப்ரல் 10, புனித வெள்ளியன்று பிரேமன் கதீட்ரல்ல இது அரங்கேறினப்போ மொத்தம் ஆறு பகுதிகள்தான். அப்புறம் ஒண்ணு சேர்த்தார். தனியா ஒரு பெண் குரல், சுத்தி கோரஸ், தாயோட தேறுதல் பற்றிய வரிகள்! ஏழும் சேர்ந்து ஒலிச்சது 1869-ல், லைப்சிக் நகரத்தில்.

2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு ஒன்பதே நாள்ல, நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் தன்னோட கொண்டாட்டமான சீசன் தொடக்க விழாவை ஒதுக்கி வெச்சுட்டு, குர்ட் மசூர் தலைமையில் வாசிச்சதும் இதைத்தான்.

தனி ஆள் பாடினாலும் ஆறுதல்தான். அப்புறம் எதுக்கு கோரஸ்? ரொம்ப நீளமான ஸ்வரத்தை யாராலயும் ஒரே மூச்சுல பிடிக்க முடியாது. கோரஸ்ல ஒரு டெக்னிக் உண்டு. பக்கத்துல இருக்கிறவர் பாடும்போது நீங்க சத்தமில்லாம மூச்சு வாங்கிக்கலாம். நீங்க திரும்பி வந்ததும் அவர் வாங்கிப்பார். கேட்கிறவங்களுக்கு ஸ்வரம் அறுபடவே அறுபடாது!

துக்கத்துக்கும் இதே கணக்குதான் பாஸ். காரியம் முடிஞ்சு ஹாஸ்டலுக்குத் திரும்பி வர்ற ஃப்ரெண்டுகிட்ட, "தைரியமா இரு மச்சி"ன்னு டயலாக் விடாதீங்க. ரெக்கார்ட் நோட்டை எழுதிக் கொடுங்க. மெஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போங்க. ராத்திரி அழுதா, பேசாம பக்கத்துல உட்காருங்க. அவர் மூச்சு வாங்கிட்டு வர்ற வரைக்கும் ஸ்வரத்தை நீங்க பிடிச்சுக்குங்க!