பழைய படத்துக்குப் புதுச் சாயம்!

யூ டியூபில் இப்படி ஒரு வீடியோவை நீங்கள் பார்த்திருக்கலாம்.

அகலமான ஒரு தெரு. நடுவே தண்டவாளத்தில் டிராம் வண்டிகள் போகின்றன. குறுக்கே குதிரை வண்டிகள் புகுந்து ஓடுகின்றன. கோட்டும் தொப்பியும் போட்ட மனிதர்கள், எதைப் பற்றியும் கவலைப்படாமல் வண்டிகளுக்கு நடுவே தெருவைக் கடக்கிறார்கள். சிறுவர்கள் சிலர் கேமராவைத் திரும்பிப் பார்த்தபடி ஓடுகிறார்கள். நீல வானம், பழுப்புக் குதிரை, டக்... டக்... என்று குளம்புச் சத்தம்! நேற்று சாயங்காலம் யாரோ செல்போனில் எடுத்தது போல அத்தனை தெளிவு.

ஆனால், அது எடுக்கப்பட்டது 1906ம் ஆண்டு! இடம், அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் உள்ள மார்க்கெட் தெரு. மைல்ஸ் சகோதரர்கள் என்ற சினிமாக்காரர்கள், கேபிள் கார் ஒன்றின் முன்பக்கத்தில் கேமராவைக் கட்டி, தெருவின் கோடியில் உள்ள படகுத்துறைக் கட்டடம் வரை ஓடவிட்டு எடுத்த படம். (கேபிள் கார் என்றதும் பழநி மலையில் கம்பியில் தொங்கிக்கொண்டு போகுமே, அதை நினைத்துவிடாதீர்கள். இது தெருவில் ஓடுவது. தரைக்கு அடியில் நகரும் இரும்புக் கம்பி இதை இழுத்துச் செல்லும்.) படம் ஓடும் நேரம் சுமார் 13 நிமிடம்.

அந்தக் காலத்தில் எடுத்த இந்தப் படம் கறுப்பு – வெள்ளைதான். சத்தம் கிடையாது. அப்படியானால் நீல வானமும் குளம்புச் சத்தமும் எங்கிருந்து வந்தன?

எல்லாம் வீட்டில் கம்ப்யூட்டரும் கையுமாக உட்கார்ந்திருக்கும் ஆர்வலர்கள் செய்யும் வேலை! இவர்களில் பலர் வரலாறு படித்தவர்கள் அல்ல. ஸ்டூடியோ வைத்திருப்பவர்களும் அல்ல. பழைய படம் ஒன்றை எடுத்து, செயற்கை அறிவு மென்பொருளில் கொடுத்து, மெருகேற்றி, இணையத்தில் போடுகிறார்கள். 2020 பிப்ரவரியில் ரஷ்யாவைச் சேர்ந்த டெனிஸ் ஷிர்யாயெவ் என்பவர் இப்படி ஒரு வீடியோ போட்டார். பிரான்சின் லூமியர் சகோதரர்கள் 1896ல் திரையிட்டுக் காட்டிய, ரயில் ஒன்று ஸ்டேஷனுக்குள் வந்து நிற்கும் 50 விநாடிப் படம் அது. உலகமே அதைப் பார்த்து வாயைப் பிளந்தது. பத்திரிகைகள் புகழ்ந்து எழுதின. அடுத்து 1911ம் ஆண்டு நியூயார்க் நகரத்தையும் அவர் அதேபோல மெருகேற்றிப் போட்டார். பிறகு ஆளாளுக்கு இந்த வேலையில் இறங்கிவிட்டார்கள்.

பார்த்தவர்களுக்கு ஒரே சந்தோஷம். 'பழைய காலத்து மனிதர்கள் என்றாலே பொம்மை மாதிரி விறுக் விறுக்கென்று நடப்பவர்கள் என்று நினைத்திருந்தோம். அவர்களும் நம்மைப் போலத்தானே சிரிக்கிறார்கள், தடுக்கி விழப் பார்க்கிறார்கள்' என்று நெகிழ்ந்து போனவர்கள் பலர்.

ஆனால், பழைய படச்சுருள்களைப் பாதுகாத்து வைக்கும் காப்பகங்களில் வேலை பார்ப்பவர்களும், வரலாற்று ஆசிரியர்கள் சிலரும் முகம் சுளித்தார்கள். 'இது வரலாறு இல்லை, வரலாற்றுக்குப் பூசிய சாயம்' என்பது அவர்கள் கட்சி.

இதென்ன வம்பு! அழகாகத்தானே செய்திருக்கிறார்கள், இதில் என்ன தப்பு என்கிறீர்களா? மெருகேற்றும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம், வாருங்கள்.

உங்கள் வீட்டில் தாத்தா – பாட்டி கல்யாணப் போட்டோ கறுப்பு – வெள்ளையில் இருக்கிறதா? அதைக் கையில் எடுங்கள். பாட்டி கட்டியிருக்கும் புடவை என்ன நிறம்? போட்டோவில் அது ஏதோ ஒரு சாம்பல் நிறம். அரக்காக இருக்கலாம், கரும்பச்சையாக இருக்கலாம், ஊதாவாகவும் இருக்கலாம். மூன்றும் கறுப்பு – வெள்ளையில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரியும். போட்டோவை எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது. பாட்டியைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். கூடவே புடவை எந்த ஊரில் எடுத்தது, என்ன விலை, யார் பேரம் பேசியது என்பதெல்லாம் இலவசமாகக் கிடைக்கும்!

மென்பொருளுக்குப் பாட்டி கிடையாது. லட்சக்கணக்கான கலர் போட்டோக்களைப் பார்த்துப் பார்த்து, 'புல் என்றால் பச்சை, வானம் என்றால் நீலம்' என்று அது கற்றுக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான். ஒரு பெண்ணின் பாவாடை என்ன நிறம் என்று தெரியாதபோது, பொதுவாக இது எப்படி இருக்கும் என்று பார்த்து ஒரு நிறத்தைப் பூசிவிடும். அதனால்தான் இந்த வீடியோக்களில் பாதிப் பேர் பழுப்பும் மங்கலான நீலமுமாகவே உடுத்தியிருப்பார்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான் உடுத்தினார்களோ என்று நாம் நினைத்துக்கொள்வோம்!

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. அந்தக் காலப் படச்சுருளுக்குச் சிவப்பு நிறம் சரியாகத் தெரியாது. சிவப்பைக் கறுப்பு மாதிரிதான் அது பதிவு செய்யும். நீலத்தையோ வெளுப்பாகக் காட்டும். அதனால் ஊமைப் பட நடிகர்கள் சிவப்பு உதட்டுச் சாயம் பூசினால், திரையில் உதடு கன்னங்கரேலென்று தெரியும். இப்போது சொல்லுங்கள், 1906ல் ஒருவர் செக்கச்செவேலென்று கழுத்துக்குட்டை கட்டிக்கொண்டு தெருவில் நடந்திருந்தால், மென்பொருள் அதற்கு என்ன நிறம் பூசும்?

அடுத்தது கணக்கு. சினிமா என்பது வேகமாக மாறும் போட்டோக்கள்தான் என்பது உங்களுக்குத் தெரியும். லூமியர் சகோதரர்களின் கேமரா நொடிக்கு 16 போட்டோக்கள் எடுத்தது. ஷிர்யாயெவ் செய்த வீடியோவிலோ நொடிக்கு 60 போட்டோக்கள்! மீதி 44 எங்கிருந்து வந்தன? முதல் போட்டோவுக்கும் அடுத்த போட்டோவுக்கும் நடுவே, 'கால் இப்படி நகர்ந்திருக்கும், சக்கரம் இப்படி உருண்டிருக்கும்' என்று கம்ப்யூட்டரே வரைந்து சொருகியவை. அடேயப்பா! நாம் பார்ப்பதில் கேமரா கண்டதை விட, கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டதுதான் அதிகம். குளம்புச் சத்தமும் பின்னால் சேர்த்ததே. படத்தில் நடப்பதற்குப் பொருத்தமாக எங்கிருந்தோ ஒலியை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள்.

அதற்காக இவர்கள் செய்வது எல்லாமே பொய் என்று சொல்லிவிட முடியாது. பழைய படங்களைத் தவறான வேகத்தில் ஓட்டியதால்தான் அதில் வருபவர்கள் பொம்மை மாதிரி விறுக் விறுக்கென்று நடந்தார்கள். அந்த வேகத்தைச் சரி செய்வது நல்ல காரியம். உண்மைக்கு ஒரு படி பக்கத்தில் போகிற காரியம். ஷிர்யாயெவும் யாரையும் ஏமாற்றவில்லை. 'நிறங்கள் உண்மையானவை அல்ல, அழகுக்காகப் பூசியவை' என்று அவரே வீடியோவுக்குக் கீழே எழுதி வைக்கிறார்.

ஆனால் அதை யார் படிக்கிறோம்? பொடி எழுத்தில் இருக்கும். அமுக்கித் திறந்தால்தான் தெரியும். அந்த வீடியோவை ஒருவர் வெட்டி வாட்ஸ் அப்பில் அனுப்பும்போது, அந்த எழுத்து கூடவே போவதும் இல்லை. பெரியப்பா குரூப்பில் வந்து விழும்போது, அது '1906ல் எடுத்த ஒரிஜினல் கலர் வீடியோ' ஆகிவிடுகிறது!

கலர் பூசுவதையே பொறுப்பாகச் செய்தவர்களும் உண்டு. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்களை எடுத்த பீட்டர் ஜாக்சன், முதல் உலகப் போரில் எடுத்த பழைய காட்சிகளுக்கு நிறம் கொடுத்து, 2018ல் ஒரு படம் வெளியிட்டார். சிப்பாயின் சட்டை என்ன பச்சை என்று தெரிந்துகொள்ள, அந்தக் காலத்துச் சீருடைகளையே எடுத்து வைத்துப் பார்த்தார்கள். ஊமைப் படத்தில் சிப்பாய்கள் என்ன பேசுகிறார்கள் என்று அறிய, உதட்டசைவைப் படிக்கத் தெரிந்தவர்களை அழைத்து வந்தார்கள். அதையும் ஏற்காத வரலாற்று ஆசிரியர்கள் இருந்தார்கள் என்றாலும், இது 'பாட்டியைக் கேட்டு'ச் செய்த வேலை!

சரி, நிறம் தப்பாக இருந்தால் குடியா முழுகிவிடும் என்று கேட்கிறீர்கள். மறுபடி மார்க்கெட் தெருவுக்கே போவோம்.

இந்தப் படம் 1905 செப்டம்பரில் எடுத்தது என்றுதான் நெடுங்காலம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் குறிப்பில் இருந்தது. டேவிட் கீன் என்ற திரைப்பட வரலாற்று ஆய்வாளருக்கு அதில் சந்தேகம் வந்தது. காரணம் என்ன தெரியுமா? தெருவில் தேங்கிக் கிடந்த தண்ணீர்! சான்பிரான்சிஸ்கோவில் கோடைக்காலத்தில் மழை அபூர்வம். பழைய செய்தித்தாள்களைப் புரட்டி, மழை பெய்த நாட்களைத் தேடினார். பிறகு படத்தில் வரும் கார்களின் நம்பர் பிளேட்டுகளை உற்றுப் பார்த்தார். அரசாங்கப் பதிவேடுகளில் தேடியபோது, அதில் ஒரு கார் 1906ம் ஆண்டு தொடக்கத்தில்தான் பதிவாகியிருந்தது. 1906ல் பதிவான கார் 1905ல் எப்படித் தெருவில் ஓடும்? ஆக, படம் 1906 வசந்த காலத்தில் எடுத்தது என்று முடிவானது.

ஒரு வருடம் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று நினைக்காதீர்கள். 1906 ஏப்ரல் 18 அதிகாலை 5.12 மணிக்கு அந்த நகரத்தைப் பயங்கர நிலநடுக்கம் தாக்கியது. தொடர்ந்து தீப்பிடித்து 3 நாட்களுக்கு மேல் எரிந்தது. சுமார் 28 ஆயிரம் கட்டடங்கள் அழிந்தன. ஏறத்தாழ 3 ஆயிரம் பேர் இறந்தார்கள். நகரத்தின் 4 லட்சம் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வீடு இழந்தார்கள். மைல்ஸ் சகோதரர்களின் ஸ்டூடியோவும் சாம்பலானது. ஆனால், இந்தப் படச்சுருள் மட்டும் அதற்கு முந்தைய இரவே ரயிலேறி நியூயார்க் புறப்பட்டு விட்டதால் தப்பியது!

ஆமாம் குட்டீஸ். அந்தத் தெருவில் சிரித்துக்கொண்டு ஓடிய சிறுவர்களின் நகரம், கொஞ்ச நாளிலேயே தரைமட்டமானது. இன்று அவர்களுக்கு மிச்சம் இருக்கும் சாட்சி அந்த 13 நிமிடம்தான். தேதி தெரிந்த பிறகு அதைப் பார்த்தால், முன்பு பார்த்தது போல இருக்காது.

இப்போது யோசியுங்கள். டேவிட் கீன் கையில் அந்தப் பழைய படம் இல்லாமல், மெருகேற்றிய வீடியோ மட்டும் இருந்திருந்தால்? மங்கலான நம்பர் பிளேட்டைத் தெளிவாக்கும்போது, கம்ப்யூட்டர் 3ஐ 8 ஆக்கியிருக்கலாம். தேங்கிய தண்ணீரைக் கறை என்று நினைத்துத் துடைத்தே விட்டிருக்கலாம். நம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது, துப்புத் துலக்குபவருக்குத் தடயம் அழிந்த இடம்!

இப்போது இந்த விவகாரம் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. 2024 பிப்ரவரியில் ஓப்பன் ஏஐ நிறுவனம், எழுதிக் கொடுத்ததை வீடியோ ஆக்கும் 'சோரா' என்ற மென்பொருளை அறிமுகப்படுத்தியது. அப்போது காட்டிய மாதிரிகளில் ஒன்று, கலிபோர்னியாவில் மக்கள் தங்கம் தேடி அலைந்த காலத்தின் பழைய படம்! ஆற்றங்கரை, மரவீடுகள், குதிரைகள் எல்லாம் வானத்திலிருந்து பார்ப்பது போலத் தெரியும். தங்க வேட்டை தொடங்கியது 1848ல். சினிமா கேமரா வந்ததோ 1880களின் இறுதியில். அதாவது, எந்தக் கேமராவும் பார்த்திராத காட்சி அது. இது கம்ப்யூட்டர் செய்தது என்று அந்த நிறுவனம் சொல்லித்தான் காட்டியது. ஆனால் அடுத்தவர் கைக்கு மாறும்போது? அதனால் இப்படிப் பழைய வீடியோ எது வந்தாலும், 'அந்த வருடத்தில் கேமரா இருந்ததா?' என்று முதலில் கேட்டுப் பாருங்கள். ரொம்பச் சுலபமான கேள்வி. ஆனால் நிறைய வீடியோக்கள் இதிலேயே மாட்டிக்கொள்ளும்.

மார்க்கெட் தெருவின் கறுப்பு – வெள்ளைப் படத்தை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அப்பா, அம்மாவிடம் சொல்லித் தேடி எடுங்கள். பார்க்கும்போது கார்கள் மேல் ஒரு கண் வையுங்கள். சான்பிரான்சிஸ்கோவில் எவ்வளவு கார்கள் என்று ஆச்சரியமாக இருக்கும். ஆனால், ஒரே கார் கேமராவுக்கு முன்னால் சுற்றிச் சுற்றி வருவது போலவும் தெரியும்! தெரு பரபரப்பாகத் தெரிய வேண்டும் என்று அன்றைக்கே செய்த தில்லுமுல்லு போலிருக்கிறது. அது மொத்தம் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி வையுங்கள், பார்க்கலாம்.