பத்து ரூபாய்க்கு எத்தனை கிராம்?

அடுப்படிக் கணக்கு – 6

சென்ற வாரம் ரேஷன் கடையோடு நிறுத்தியிருந்தோம். அரிசி வீட்டுக்கு வந்துவிட்டது. 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம் பருப்பும், 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயிலும் வந்துவிட்டன. மீதியெல்லாம் கைக்காசு. அந்தக் கைக்காசை எதற்கு முதலில் கொடுப்பது என்பதுதான் இந்த வாரக் கேள்வி.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வியாசர்பாடியில் சின்ன வாடகை வீடு. கணவன், மனைவி, அரசுத் தொடக்கப்பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். சனிக்கிழமை சாயங்காலம் கூலி கைக்கு வரும். அதில் 1,500 ரூபாய் வாரச் சாப்பாட்டுக்கு. குடும்பம் கற்பனைதான். ஆனால் இந்தக் கணக்கில் ஓடும் வீடுகளைத் தேட வடசென்னையில் அதிக தூரம் நடக்க வேண்டாம்.

ஞாயிறு காலை கோழிக்கடையில் ஒரு கிலோ வாங்கும்போதே 240 ரூபாய் போய்விடும். பிறகு தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு. தினமும் அண்ணாச்சி கடையில் பத்து ரூபாய்க்கு எண்ணெய், ஐந்து ரூபாய்க்கு மிளகாய்த்தூள் என்று சில்லறை வியாபாரம். புதன்கிழமையோடு காய் தீர்ந்துவிடும். வியாழனும் வெள்ளியும் ரசம், ஊறுகாய், அப்பளம். அரிசிப் பானை மட்டும் ஒருநாளும் குறையாது.

2011 முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசிக்கு விலை இல்லை. எத்தனையோ வீடுகளில் பட்டினியை விரட்டிய திட்டம். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் சும்மா கிடைப்பதுதான் தட்டை நிரப்பும். சென்னையில் இருக்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வில், இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று தெரியவந்தது. புரதத்தின் பங்கு 12 சதவீதத்தை ஒட்டித்தான். தெருவுக்குத் தெரு சர்க்கரை மாத்திரை டப்பா ஏன் என்று கேட்பவர்களுக்குப் பதிலில் பாதி இங்கே இருக்கிறது.

அரிசிப் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரேஷன் அரிசியைக் கழுவும்போது சில மணிகள் மிதக்கும். ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பயந்து பொறுக்கி எறிகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அது செறிவூட்டிய அரிசி: இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த மணிகளை நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் சாதா அரிசியோடு கலக்கிறார்கள். எறிவது சத்தைத்தான்.

சரி, ஒரு தட்டில் என்னதான் இருக்க வேண்டும்? தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு இப்படிச் சொல்கிறது: தானியம் 250 கிராம், பருப்பு, பயறு 85 கிராம், கீரையும் சேர்த்துக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், கடலை போன்ற கொட்டைகள் 35 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, எண்ணெய் 27 கிராம். இந்த நிறுவனம் இப்போது ஐதராபாத்தில் இருக்கிறது. பிறந்தது நம் குன்னூரில், 1918இல், ராபர்ட் மெக்கரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் சின்ன ஆய்வகமாக. நாட்டின் பல பகுதி மக்கள் சாப்பிடும் உணவை அவர் எலிகளுக்குத் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தார். கோதுமையும் பாலும் பருப்பும் தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. அரிசியையே நம்பிய சென்னை மாகாணச் சாப்பாட்டைத் தின்ற எலிகள் கடைசி வரிசையில் நின்றன. அவருடைய எலிகளுக்கு நூறு வயதாகப்போகிறது; நம் தட்டு பெரிதாக மாறிவிடவில்லை.

அந்தப் பட்டியலை நம் நான்கு பேர் குடும்பத்துக்கு ஏழு நாளால் பெருக்கிப் பார்ப்போம். பிள்ளைகளையும் பெரியவர்களாகவே வைத்துக்கொள்கிறேன். கணக்கு கொஞ்சம் தாராளமாகவே இருக்கட்டும். விலையெல்லாம் உத்தேசம், உங்கள் தெருவில் முன்னே பின்னே இருக்கும். பருப்பு, பயறு 2.4 கிலோ: ரேஷன் பருப்பில் வாரப் பங்கைக் கழித்து, மீதியை கிலோ 130 என்று வாங்கினால் 290 ரூபாய். காய்கறி, கீரை 11 கிலோவுக்குச் சற்று மேல்: சராசரி 40 ரூபாய் என்றால் 450. நீல பாக்கெட் ஆவின் பால் எட்டரை லிட்டர்: 340. பழம் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு: வாழை, கொய்யா, பப்பாளி என்று 170. வேர்க்கடலை ஒரு கிலோ 140. ரேஷன் பாமாயில் போக எண்ணெய்க்கு 100. ரேஷன் அரிசிக்கு மேல் வேண்டிய கேழ்வரகு, கோதுமைக்கு 120.

கூட்டினால் 1,610 ரூபாய்.

முதல் தடவை இந்தத் தொகையைப் பார்த்தபோது நான் நம்பவில்லை, மறுபடி கூட்டினேன். மிளகாய், புளி, உப்பு, டீத்தூள் இதில் சேரவில்லை. அவற்றையும் சேர்த்தால் 1,800ஐத் தொடும். நம் குடும்பத்திடம் இருப்பது 1,500. இடைவெளி இருக்கிறது, ஆனால் தாண்ட முடியாத பள்ளம் அல்ல. அதோடு நாம் இன்னும் கணக்கில் சேர்க்காத ஒன்று உண்டு: பள்ளிக்கூடம். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு வந்துவிட்டது. மதியம் சத்துணவும் முட்டையும். இரண்டு பிள்ளைகளுக்கும் வாரத்தில் ஐந்து நாள், இரண்டு வேளை. ஆக இருபது சாப்பாடு. நான்கு பேருக்கு மூன்று வேளை, ஏழு நாள் என்றால் 84. ஏறக்குறைய கால்பங்கைப் பள்ளிக்கூடம் போட்டுவிடுகிறது. இடைவெளி அங்கேயே அடைபடுகிறது.

பிறகு ஏன் வியாழக்கிழமை ரசம்?

வாங்கும் வரிசை தலைகீழாக இருப்பதால் என்பது என் கட்சி. நாக்குக்கு வேண்டியதை முதலில் வாங்கி, மிச்சத்தில் உடம்புக்கு வாங்குகிறோம். இதை மாற்ற எனக்குத் தெரிந்த எளிய வழி, பத்து ரூபாய் கொடுத்தால் எத்தனை கிராம் புரதம் வரும் என்று பார்ப்பது. ரேஷன் துவரம் பருப்பில் எழுபது கிராமுக்கு மேல் வரும். அதனால்தான் அதை ஒரு மாதம்கூட விடக் கூடாது. மீல்மேக்கரில் முப்பதுக்கு மேல். வேர்க்கடலையில் பதினேழு, பதினெட்டு. கடையில் வாங்கும் பருப்பு, பச்சைப்பயறு, கொண்டைக்கடலையில் பதினைந்து முதல் பதினெட்டு வரை. ஏழு ரூபாய் முட்டையில் எட்டரை. பாலில் எட்டு. எலும்போடு வாங்கும் கோழியில் ஆறு தேறினால் அதிகம். பனீரில் நாலரை. பிள்ளைகள் உயரமாக வளர்வதாக டிவியில் காட்டும் பால் பவுடர்களில் இரண்டு கிராமை ஒட்டி. கடைசி வரியை இன்னொரு முறை படித்துவிட்டு மேலே போகலாம்.

இதைக் காட்டி, ஞாயிற்றுக்கிழமைக் கறியை நிறுத்துங்கள் என்று உபதேசிக்கும் நிபுணர்கள் உண்டு. வாரம் முழுக்க சிமென்ட் மூட்டை தூக்கியவர் வீட்டில் அவர்கள் ஒரு ஞாயிறு மத்தியானம் உட்கார்ந்து பார்க்கட்டும். கறி இருக்கட்டும். ஒரு கிலோவை அரைக்கிலோ ஆக்கி, குழம்பில் உருளைக்கிழங்கையோ முருங்கைக்காயையோ சேர்த்தால் 120 ரூபாய் மிஞ்சும். அது பதினேழு முட்டை. என் கோபமெல்லாம் பத்து ரூபாய் பாக்கெட்டுகள் மேல்தான். இரண்டு பிள்ளைகளுக்கும் தினம் ஒரு சிப்ஸ் பாக்கெட் என்றால் வாரத்துக்கு 140 ரூபாய். மேலே போட்ட கணக்கில் நான்கு பேருக்கும் ஒரு வாரத்துக்கான வேர்க்கடலையின் விலை அது. சாயங்காலம் அவித்த கடலை ஒரு கைப்பிடி கொடுத்துப் பாருங்கள். நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

எனவே சனிக்கிழமை கூலி வந்ததும் பருப்பு, பயறு, கடலை, ஒரு டஜன் முட்டை, எண்ணெய் ஆகியவற்றை வாரத்துக்கும் சேர்த்து வாங்கிவிடுவது. எண்ணெய் பாக்கெட்டை முழுசாக வாங்குவது. இதற்கு 600 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலேதான் ஆகும். காசு கையில் இருக்கும்போதே இது நடந்துவிட்டால், பிறகு எவ்வளவு முடை வந்தாலும் வெள்ளிக்கிழமை சுண்டலுக்குப் பஞ்சம் இருக்காது.

காய்கறிதான் சிக்கல். விலை ஒரு பக்கம் இருக்க, 11 கிலோ காயை எங்கே வைப்பது? ஒற்றை அறை, மேலே தகரக் கூரை, ஃப்ரிட்ஜ் இருந்தாலும் அதில் மாவுக்கே இடம் போதாது. அதனால் வாரத்தில் இரண்டு தடவையாக வாங்குவதுதான் சரி. கீரை, வெண்டை, கத்திரி, அவரை முதல் மூன்று நாளுக்கு. பூசணி, சுரைக்காய், கோஸ், பீட்ரூட், சௌசௌ, வாழைக்காய், சேனை பின்நாட்களுக்கு. சேனையும் பூசணியும் ஃப்ரிட்ஜைக் கேட்பதே இல்லை.

எங்கே வாங்குவது? கொத்தவால் சாவடியிலிருந்து 1996இல் கோயம்பேட்டுக்குப் போன மொத்த மார்க்கெட்தான் இன்றும் நகரத்தின் விலையைத் தீர்மானிக்கிறது. அங்கிருந்து தள்ளுவண்டிக்கு வரும்போது விலை ஒன்றரை மடங்கு, சில காய்க்கு இரண்டு மடங்கு. வெயில் ஏறிய பிறகு போனால் கூறு கட்டிக் கொடுப்பார்கள். நிறுவை கிடையாது, குவியலுக்கு ஒரு விலை. அடியில் இரண்டு அழுகல் இருக்கும், புரட்டிப் பார்த்து வாங்க வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இதன் பலனை வேலைக்குப் போகும் பெண்களை வைத்தே பேசுகிறோம். காய்கறிக் கணக்கிலும் அது பெரிய லாபம்: முன்பெல்லாம் கோயம்பேட்டில் மிச்சம் பிடித்ததை பஸ் சார்ஜ் தின்றுவிடும். பக்கத்து வீட்டு அக்காவும் வந்தால், மூட்டையாக வாங்கிப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் அரை நாள் போகும். அதைத்தான் எந்த வழிகாட்டியும் விலையில் சேர்ப்பதில்லை. ஒரு கட்டு முருங்கைக்கீரையின் விலை ஒரு டீயின் விலைதான். இரும்பும் சுண்ணாம்பும் வைட்டமின் ஏ-யும் அந்தக் காசுக்கு அவ்வளவு வேறு எதிலும் வராது. உருவி முடிக்க முக்கால் மணி நேரம். காலை ஆறரைக்கு வீட்டு வேலைக்குக் கிளம்புகிற பெண்ணுக்கு அந்த முக்கால் மணியை யார் கொடுப்பார்கள்? இரவில் கீரையை ஈரத்துணியில் சுற்றிவைத்தால் காலையில் இலைகள் தானாக உதிரும்; உதறினால் போதும். மற்றக் கீரைகளை டிவி பார்த்துக்கொண்டே ஆயலாம். ஆண்களின் விரலுக்கும் கீரை படியும் என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

1,500 முடியாது, ஆயிரம்தான் என்றால்? முதலில் பாலைப் பாதியாக்கலாம். சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு இருக்கிறது. நூறு கிராமில் 350 மில்லிகிராமை ஒட்டி உண்டு, அதே எடைப் பாலைப்போல் மூன்று மடங்கு. பழத்தை வாழைப்பழத்தோடு நிறுத்தலாம். கறியை மத்தி, நெத்திலியாக மாற்றலாம். பருப்பிலும் கடலையிலும் மட்டும் கைவைக்க வேண்டாம். சமைக்க இடமே இல்லாமல் மேன்ஷனில் தங்கியிருக்கும் தனிக்கட்டைகளுக்கு அம்மா உணவகம் வயிற்றை நிரப்பும். கூடவே இரண்டு அவித்த முட்டை, ஒரு பொட்டலம் சுண்டல் சேர்த்துக்கொண்டால் அதுவே முழுச் சாப்பாடு.

இந்தக் கணக்கு முழுசாக உடையும் மாதம் ஒன்று உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டுக்கு விசைப்படகு மீன் வராது, இருப்பதன் விலை ஏறும். அதே சமயத்தில் மே மாதம் பள்ளி விடுமுறை. வாரத்துக்கு இருபது சாப்பாடு திரும்பி வீட்டுக்கு வந்துவிடும், தினம் ஒரு முட்டையும் நின்றுபோகும். ரேஷன் அளவு கூடாது, கூலியும் கூடாது. அதனால் தை மாதத்திலிருந்தே வாரத்துக்குக் கால்கிலோ பயறு அதிகம் வாங்கி, வெயிலில் காயவைத்து, வேப்பிலை போட்டு டப்பாவில் மூடிவைக்கச் சொல்வேன். சித்திரை பிறப்பதற்குள் மூன்று கிலோ சேர்ந்திருக்கும்.

அடுத்த வாரம் எண்ணெய்: பாமாயிலா, கடலை எண்ணெயா, ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று பாக்கெட்டில் போட்டிருப்பதா?