எலும்பு முறிந்தால் ரத்தக்குழாயையும் பார்க்கணும்

விபத்தில் முதுகெலும்பு முறிந்தவரின் வீட்டார் முதலில் கேட்பது, “இனி நடப்பாரா டாக்டர்?” என்பதுதான். அவசர சிகிச்சைப் பிரிவிலோ அதற்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு: உள்ளே ரத்தக்குழாய் கிழிந்திருக்கிறதா?

இதயத்திலிருந்து இறங்கும் பெருந்தமனி, நெஞ்சிலும் வயிற்றிலும் முதுகெலும்பை ஒட்டியே ஓடுகிறது. கழுத்திலோ, மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் எலும்பிலுள்ள துளைகளின் வழியாகவே ஏறுகின்றன. எலும்பை நொறுக்கும் வேகம் இவற்றையும் பதம் பார்க்கலாம்.

இடுப்பை மட்டும் பிடிக்கும் சீட் பெல்ட் இதற்கு நல்ல உதாரணம். மோதலில் உடல் பெல்ட்டின் மேல் மடிய, முதுகெலும்பு குறுக்காகப் பிளக்கிறது. 1948-ல் இம்முறிவை விவரித்த மருத்துவர் சான்ஸின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. கூடவே குடலும், அரிதாகப் பெருந்தமனியும் கிழியும். அடிவயிற்றில் பெல்ட் பதிந்த சிராய்ப்புக் கோடு தெரிந்தால் அலட்சியம் கூடாது.

குழப்பம் இங்கேதான். கழுத்திலோ மேல்முதுகிலோ தண்டுவடம் அடிபட்டால் ரத்த அழுத்தம் இறங்கும். நாடி பெரும்பாலும் மெதுவாகும். உள்ளே ரத்தம் கசிந்தாலும் அழுத்தம் இறங்கும், நாடி வேகமெடுக்கும். இரண்டும் சேர்ந்தால் நாடியை நம்ப முடியாது. அதனால், ரத்தக்கசிவு இல்லை என்று உறுதியாகும்வரை இருப்பதாகவே கருதிச் சிகிச்சை தர வேண்டும்.

கழுத்துத் தமனிக் காயம் இன்னும் ஏமாற்றும். சில மணி நேரமோ சில நாளோ கழித்துத்தான் பக்கவாதமாக வெளிப்படலாம். ரத்தக்குழாயைக் காட்டும் சிடி ஆஞ்சியோ ஸ்கேனில் முன்கூட்டியே கண்டுபிடித்தால், ரத்தம் உறையாமலிருக்க மருந்து தந்து பெரும்பாலும் தடுக்கலாம். பெருந்தமனிக் கிழிசலைத் தொடை வழியாக ஸ்டென்ட் செலுத்திச் சரிசெய்யும் வசதியும் இன்று இருக்கிறது. கழுத்து முறிவு என்றதும், “ரத்தக்குழாய்க்கும் ஸ்கேன் தேவையா டாக்டர்?” என்று வீட்டார் தயங்காமல் கேட்கலாம்.

விபத்து நடந்த இடத்தில் அடிபட்டவரைக் கை, கால் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் உட்காரவைக்கக் கூடாது. 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். உதவுபவரைப் பெயர் சொல்லும்படியோ சாட்சி சொல்லும்படியோ கட்டாயப்படுத்த முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு. போலீஸ் நடைமுறைக்காக அவசர சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே தீர்ப்பளித்துவிட்டது.

பணம்? தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2025 மே மாதம் வந்த மத்திய அரசுத் திட்டம் 7 நாள்வரையிலான சிகிச்சைக்கு அதிகபட்சம் ரூ.1.5 லட்சம் தருகிறது. இழப்பீட்டுக்கு மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயம் இருக்கிறது. மனுவுக்குச் சட்டம் சொல்லும் கெடு 6 மாதம். எலும்பு முறிவோடு ரத்தக்குழாய்க் காயமும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, ஸ்கேன் ரிப்போர்ட்டுகளையும் பத்திரப்படுத்திக்கொள்வது அவசியம்.