உங்களுக்குத் தெரியுமா? துகளைக் காட்டிக்கொடுக்கும் சிலிக்கான்

ஜெனீவா அருகே, செர்ன் ஆய்வகத்தின் சிஎம்எஸ் கருவிக்குள், புரோட்டான்கள் மோதும் இடத்திலிருந்து சுமார் 3 செ.மீ. தள்ளி ஒரு சிலிக்கான் 'கேமரா' தொடங்குகிறது. 2017-இல் பொருத்தப்பட்ட அதில் சுமார் 12.4 கோடி பிக்சல்கள். அந்த மோதல் இடத்தில், எதிரெதிரே வரும் புரோட்டான் கொத்துகள் விநாடிக்கு 4 கோடி முறை வரை சந்திக்கின்றன.

மின்னூட்டமுள்ள துகள் சிலிக்கான் தகட்டைத் துளைத்துப் போகும்போது எலக்ட்ரான்–துளை இணைகள் உண்டாகும். ஓர் இணைக்கு 3.6 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலே போதும். காந்தப்புலத்தில் பாதை எவ்வளவு வளைகிறது என்று பார்த்தால் உந்தம் தெரிந்துவிடும். சரி, வந்தது யார்? உந்தம் ஒன்றாகவே இருந்தாலும் பயான் என்னும் துகளைவிடப் புரோட்டான் கனமானது, ஆகவே மெதுவானது. மெதுவாகப் போகிறவர் சிலிக்கானில் கூடுதல் ஆற்றலைக் கொட்டிவிட்டுப் போவார். அந்த இணைகளால் சேர்ந்த மின்னூட்டத்தை அளந்தால் ஆளைப் பிடித்துவிடலாம். ஆனால் வேகம் ஒளியை நெருங்கிவிட்டால் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது; பயானும் புரோட்டானும் கிட்டத்தட்ட ஒரே அளவு தடயத்தையே விட்டுச்செல்லும்.

பிக்சல் கூடினால் இந்தத் திறமையும் கூடும் என்று எண்ண வேண்டாம். செர்னின் ஆலிஸ் கருவியில் 2021-இல் பொருத்திய உள் தடங்காணியில் சுமார் 1,250 கோடி பிக்சல்கள்! ஆனால் ஒவ்வொன்றும் 'பட்டது', 'படவில்லை' என்று மட்டுமே சொல்லும்; எவ்வளவு மின்னூட்டம் என்று சொல்லாது. துல்லியத்தையும் வேகத்தையும் முன்வைத்துத் தெரிந்தே செய்த சமரசம் அது. அங்கே துகள்களை இனங்காணும் வேலையை, வாயு நிரம்பிய ஒரு பெரிய உருளையும் வேறு சில கருவிகளும் பார்த்துக்கொள்கின்றன.