உங்க குரோம்ல ஓடுது... அவங்க ஐபோன்ல?

சிம்போசியத்துக்கு இன்னும் மூணே நாள். ராத்திரி ரெண்டு மணி வரை முழிச்சு டிபார்ட்மென்ட் வெப்சைட்டை முடிச்சாச்சு. உங்க லேப்டாப்ல குரோம், ஃபயர்பாக்ஸ் ரெண்டுலயும் 'ரிஜிஸ்டர்' பட்டன் ஜம்முனு வேலை செய்யுது. விடிஞ்சதும் பக்கத்து காலேஜ்ல இருந்து போன்... ''பட்டனை அழுத்தினா ஒண்ணுமே நடக்கலையே!'' அவங்க கையில இருக்கறது பழைய ஐபோன்.

''அப்போ குரோம்ல ட்ரை பண்ணுங்க''னு மட்டும் சொல்லிடாதீங்க பாஸ். நம்ம ஊர் ஐபோன்ல குரோமுக்குள்ள ஓடறதும் சஃபாரியோட அதே வெப்கிட் இன்ஜின்தான். போர்டு வேற, கடை ஒண்ணு!

முதல்ல எரர் என்னன்னு தெரியணும். கன்சோல்ல இருபது சிவப்பு வரி இருந்தாலும் முதல் வரியைப் பிடிங்க. மீதி பெரும்பாலும் அது இழுத்துவிட்ட வம்பு. ஐபோன் கன்சோலைப் பார்க்க மேக் வேணுமே, ஹாஸ்டல்ல அதுக்கு எங்கே போறது? பக்கத்தோட உச்சியில, தனி ஸ்கிரிப்ட்டா ஒரு 'விண்டோ.ஆன்எரர்' போட்டு, எரரையும் வரி எண்ணையும் அலர்ட்டா காட்டச் சொல்லுங்க. தனியா போடறது முக்கியம். சின்டாக்ஸ் எரர்னா அந்த ஸ்கிரிப்ட் முழுசுமே ஓடாது. உங்க உளவாளியும் அதுக்குள்ள இருந்தா அவரும் அவுட்!

'இன்வாலிட் ரெகுலர் எக்ஸ்பிரஷன்'னு அலர்ட் வந்தா, கோடுல (?<= இருக்கானு தேடுங்க. லுக்பிஹைண்ட்... '₹-க்குப் பின்னாடி வர்ற எண்ணை மட்டும் எடு' மாதிரியான வேலைக்கு. குரோம் இதை 2017-லயே ஏத்துக்கிச்சு. சஃபாரிக்கு வந்தது 2023 மார்ச்ல, 16.4 வெர்ஷன்லதான். அதுக்கு முந்தின போன்ல அந்த ஒரு வரிக்காக மொத்த ஃபைலும் படுத்துடும். இருநூறு வரி தள்ளி இருக்கற பட்டனும் சேர்ந்து காலி. ₹-ஐயும் சேர்த்தே தேடிட்டு, எண்ணை மட்டும் அடைப்புக்குறிக்குள்ள பிடிச்சு எடுத்தா முடிஞ்சது.

2022-ல் ரிட்டயரான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் இதைவிட வில்லன். அதோட எட்டாவது வெர்ஷன்ல டெவலப்பர் டூல்ஸைத் திறந்தாத்தான் 'கன்சோல்'ங்கிற பொருளே பிறக்கும். எரரைத் தேட டூல்ஸைத் திறந்தா, எரர் காணாமப் போயிடும். எத்தனை பேர் தலைமுடியைப் பிச்சுக்கிட்டாங்களோ!

சில நேரம் குற்றவாளி உங்க கோடே இல்லை, ஏதோ ஒரு ஆட்பிளாக்கர். எக்ஸ்டென்ஷன் எல்லாத்தையும் நிறுத்திட்டு ஒரு தடவை பார்த்துடுங்க.

எல்லாம் சரி பண்ணிட்டு உங்க லேப்டாப்ல டெஸ்ட் பண்ணிட்டு தூங்கப் போயிடாதீங்க. போன் பண்ணினாங்களே, அவங்களையே அதே ஐபோன்ல அழுத்திப் பார்க்கச் சொல்லுங்க.