கெல்லிவில்லில் கார் மாற்றுவது

சிட்னியின் புறநகரான கெல்லிவில்லில் வீட்டு வாசலில் இரண்டு கார் நிற்பதைப் பார்த்து ஊரிலிருந்து வரும் உறவினர்கள் வசதி என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் 2019 மே மாதம் மெட்ரோ ஓடத் தொடங்கும்வரை இங்கே ரயிலே கிடையாது. வேலைக்கு ஒன்று, பள்ளிக்கும் கடைக்கும் ஒன்று என்று வைத்தே தீரவேண்டியிருந்தது. மெட்ரோ வந்த பிறகு? ஸ்டேஷன் வரை போய் நிறுத்த ஒரு கார்!

1990களின் கடைசியில் பழைய வண்டி மக்கர் பண்ணினால் டிரேடிங் போஸ்ட் விளம்பரத் தாளைப் புரட்டுவோம். பேனாவால் வட்டம் போட்டு, போன் பண்ணி, வார இறுதியில் கிளம்பிப் போவோம். கூடவே கார் தெரிந்த ஓர் அண்ணா வருவார். பெயின்ட் பளபளப்பை அவர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். ஆயில் மூடியைத் திருகி, உட்புறத்தை விரலால் தடவுவார். பால் தேநீர் நிறத்தில் பிசுக்கு ஒட்டினால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறதோ, ஹெட் கேஸ்கட் போய்விட்டதோ என்று சந்தேகம். விலை கேட்காமலே திரும்பிவிடுவோம். அன்றைய டொயோட்டா தராகோவில் என்ஜின் முன் இருக்கைக்கு அடியில் இருந்தது. அதைப் பார்க்க இருக்கையையே தூக்கவேண்டும். ஆனாலும் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போய்வர அதை விட்டால் வேறு வண்டி ஏது? சின்னக் குடும்பம் என்றால் கேம்ரி. மெல்பனில் அல்டோனா ஆலையில் செய்தது, பாகம் எங்கும் கிடைக்கும், விற்றால் விலை போகும்.

டிரேடிங் போஸ்ட் 2009இல் அச்சில் நின்றது. 2017 அக்டோபரில் அல்டோனா ஆலையும் மூடியது. வண்டி மேல் கடன் இருக்கிறதா என்பதை இப்போது 2 டாலர் கட்டி இணையத்திலேயே பார்த்துவிடலாம். இது உண்மையிலேயே நல்ல மாற்றம்.

அண்ணாவின் இடத்துக்கு எக்செல் கணக்குத்தாள் வந்துவிட்டது. ஐடி வேலையில் இருப்பவர்கள் நான்கு பேர் கூடினால் பேச்சு நொவேட்டட் லீஸில்தான் போய் நிற்கும். அதில் கார் தவணையும் ஓட்டும் செலவும் வருமான வரிக்கு முன்பே சம்பளத்தில் பிடிக்கப்படும். 2022 ஜூலையிலிருந்து, குறிப்பிட்ட விலை வரம்புக்குள் உள்ள மின்காருக்கு, வேலை கொடுப்பவர் தரும் சலுகைகள் மீதான எஃப்பிடி வரியும் இல்லை. அதனால் நன்றாக ஓடும் கேம்ரியைக்கூடக் கொடுத்துவிட்டு டெஸ்லாவோ பிஒய்டியோ எடுக்கிறார்கள். மாதம் எவ்வளவு பிடிப்பார்கள் என்று கேட்டால் எல்லோரும் டக்கென்று சொல்வார்கள். ஐந்து வருட லீஸின் முடிவில் லீஸ் தொகையில் குறைந்தது 28.13 சதவீதம் பாக்கி நிற்குமே என்றால் பாதிப் பேர் முழிக்கிறார்கள். 60 ஆயிரம் டாலர் லீஸுக்கு அது கிட்டத்தட்ட 17 ஆயிரம். அண்ணா காரைச் சோதித்தார். நாம் சம்பளச் சீட்டைத்தான் சோதிக்கிறோம்.

இந்தக் கணக்கையும் ஊரிலிருந்து வரும் அம்மா அப்பா கலைத்துவிடுவார்கள். நியூ சவுத் வேல்ஸ் சட்டப்படி ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குத் தனிக் குழந்தை இருக்கை கட்டவேண்டும். நடுவரிசையில் அப்படி இரண்டைக் கட்டிவிட்டால், பட்டி இழுத்துப் பிடித்திருப்பதால், பல ஏழு இருக்கை எஸ்யூவிகளில் அந்த வரிசையை மடிக்க முடியாது; பின்வரிசைக்குப் போகும் வழி அடைபட்டுவிடும். முழங்கால் வலியோடு அம்மா எங்கே ஏறுவார்? விளம்பரத்தில் ஏழு இருக்கை என்று போட்டிருக்கும், இதைப் போட்டிருக்காது. காசில் ஹில் ஷோரூமுக்குப் போகும்போது பிள்ளைகளின் இருக்கைகளைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்ப்பதுதான் வழி. விற்பனையாளர் முகத்தைச் சுளிக்கட்டும், பரவாயில்லை.

அங்கே பெரும்பாலும் ஜெயிப்பது கியா கார்னிவல். தாழ்ந்த படி, சறுக்கித் திறக்கும் அகலமான கதவு. இங்கே கிடைக்கும் கார்னிவல் மின்காரும் அல்ல, எஃப்பிடி விலக்கும் அதற்கில்லை. எக்செல் போட்டவர் கொஞ்சம் முனகுவார், பிறகு அதற்கே கையெழுத்துப் போடுவார்.